உறைந்த கணினியில் கடைசியாகத் தொட வேண்டிய கட்டளை

தலைப்பில் சொன்ன கட்டளை எஃப்எஸ்சிகே: வட்டில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கை, அதாவது கோப்பு முறைமையை, சோதித்துத் திருத்தும் கட்டளை. கோப்புகளைச் சேமித்து வைப்பதற்காக நான் வைத்திருக்கும் லினக்ஸ் கணினி ஒரு நாள் காலையில் உறைந்து கிடந்தது. திரையின் மூலையில் இருந்த கடிகாரம் 4:17 என்று காட்டியபடி நின்றிருந்தது. எந்த விசையைத் தட்டினாலும் திரையில் அசைவில்லை. ஆனால் வேறொரு கணினியிலிருந்து பிங், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு செய்தி, அனுப்பியபோது ஒன்று விடாமல் பதில் வந்தது. தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய முயன்றபோது இணைப்பை ஏற்றுக்கொண்டு, கடவுச்சொல்லைக்கூடக் கேட்காமல் மௌனமாகிவிட்டது. கேப்ஸ் லாக் விசையை அழுத்தினேன், அதன் விளக்கு எரிந்தது. மீண்டும் அழுத்தினேன், அணைந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். பிங்குக்குப் பதில் சொல்வது, இயங்குதளத்தின் மையமான கர்னலின் வலையமைப்புப் பகுதி. அதற்கு வன்தட்டிலிருந்து ஒரு பைட்கூடத் தேவையில்லை. கேப்ஸ் லாக் விளக்கும் அப்படித்தான். எஸ்எஸ்ஹெச் சேவையோ ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் புதிய நிரலைத் தொடங்கி, அமைப்புக் கோப்புகளையும் பயனர் விவரங்களையும் வட்டிலிருந்து படித்தாக வேண்டும். ஆகவே கர்னல் உயிருடன் இருக்கிறது, வட்டைத் தொட வேண்டிய வேலைகள் மட்டும் நின்றுவிட்டன என்று கொள்ளலாம். பிங்கும் வராமல் விளக்கும் அசையாமல் இருந்திருந்தால், நான் முதலில் மின்வழங்கி, நினைவகம், வெப்பம் ஆகியவற்றின் பக்கம் போயிருப்பேன்.

லினக்ஸில் ஒரு நிரல் வட்டின் பதிலுக்காகக் காத்திருக்கும்போது, நிரல் பட்டியலில் அதன் பக்கத்தில் ‘டி’ என்னும் எழுத்து தோன்றும். அந்த நிலையில் சிக்கிய நிரலைக் கில் கட்டளையின் 9ஆம் சமிக்ஞையை அனுப்பினாலும் பெரும்பாலும் கொல்ல முடியாது. வட்டு பதில் சொல்லும் வரை அது அசையாது. சராசரிச் சுமையைக் கணக்கிடும்போது லினக்ஸ் இப்படிக் காத்திருப்பவற்றையும் சேர்த்துக்கொள்வதால், செயலி சும்மா இருக்கும்போதே சுமை 40, 50 என்று ஏறி நிற்கும் விநோதத்தைப் பார்க்கலாம். ஒரு நிரல் 120 நொடிகளுக்கு மேல் இப்படிக் கிடந்தால் கர்னலே அதன் பெயரைக் குறிப்பிட்டுப் பதிவு எழுதும். அந்தப் பதிவை எழுதிச் சேமிக்கும் நிரலும் அதே வட்டை நம்பியிருக்குமானால், மறுதொடக்கத்துக்குப் பிறகு பதிவு கோப்பில் இருக்காது. முக்கியமான தடயம் இப்படித்தான் தொலைகிறது.

ஆகவே மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன் நான் செய்வது ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் ஆகிய இரண்டு விசைகளையும் பிடித்துக்கொண்டு டபிள்யூ விசையை அழுத்துவது. ‘சிஸ்ஆர்க்யூ’ என்று அழைக்கப்படும் இந்த வசதி கர்னலிடம் நேரடியாகப் பேசுகிறது. டபிள்யூ எழுத்துக்கு அது எந்தெந்த நிரல்கள் எங்கே தடைபட்டு நிற்கின்றன என்று பட்டியலிடும். அந்தப் பட்டியலைப் பார்க்கத் திரை எழுத்து முனையத்தில் இருக்க வேண்டும். இருந்தால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன். உபுண்டு போன்ற சில வெளியீடுகளில் இந்த வசதியின் இயல்பு மதிப்பு 176 என்று வைக்கப்பட்டிருக்கும். அதன் பொருள் எஸ், யு, பி போன்ற சில எழுத்துகளுக்கு மட்டுமே அனுமதி, டபிள்யூவுக்கு இல்லை என்பது. எஸ் நினைவகத்தில் தேங்கியிருப்பதை வட்டில் எழுதச் சொல்லும், யு எல்லாக் கோப்பு முறைமைகளையும் படிக்க மட்டும் என்னும் நிலைக்கு மாற்றும், பி மறுதொடக்கம் செய்யும். இந்த வரிசையில் சில நொடிகள் இடைவெளி விட்டு அழுத்துவது, பவர் பொத்தானை நீண்ட நேரம் பிடிப்பதைவிட எவ்வளவோ மேல். வட்டே பேசாமல் போயிருந்தால் எஸ் முடிவடையாது என்பது வேறு விஷயம். அந்த முடிவின்மையும் ஒரு தகவல்தான்.

ஏன் இவ்வளவு நிதானம் என்று கேட்டால், சில ஆண்டுகளுக்கு முன் நான் அவசரப்பட்டதைச் சொல்ல வேண்டும். அன்றும் இதே போல ஒரு கணினி நின்றுபோனது. மறுதொடக்கம் செய்தபோது கோப்பு முறைமையில் பிழை இருக்கிறது, எஃப்எஸ்சிகேயைக் கையால் இயக்குங்கள் என்று திரையில் ஒரு செய்தி வந்தது. நானும் சொன்னபடியே இயக்கினேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் என்று தட்டச் சோம்பல்பட்டு, எல்லாவற்றுக்கும் தானே ஆம் சொல்லிக்கொள்ளும் ஒய் தெரிவையும் சேர்த்துவிட்டேன். வட்டு அந்த நேரத்தில் செத்துக்கொண்டிருந்தது. ஐநோடு என்பது ஒரு கோப்பைப் பற்றிய விவரங்களும் அது வட்டில் இருக்கும் இடமும் எழுதப்பட்ட, எண்ணிட்ட பதிவு. படிக்க முடியாத ஐநோடு அட்டவணைப் பகுதிகளையெல்லாம் எஃப்எஸ்சிகே பிழையான பதிவுகள் என்று கருதித் துடைத்தது. துடைத்ததன் விளைவாகத் தாம் இருந்த கோப்புறையை இழந்த கோப்புகளை ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ கோப்புறைக்குள் வெறும் எண்களோடு கொட்டியது. இரவு முழுவதும் அது உழைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் கோப்பு முறைமை ‘சுத்தமாக’ இருந்தது, கோப்புகளில் பெரும்பகுதி இல்லை.

எஃப்எஸ்சிகே மீது குற்றம் சொல்ல முடியாது. அதன் கடமை கோப்பு முறைமையின் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்வது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 வகைக் கோப்பு முறைமையில் அது ஐந்து கட்டங்களாக வேலை செய்கிறது: ஐநோடுகளும் அவை சுட்டும் பிளாக்குகளும் (கோப்புகள் வட்டில் பிரித்து வைக்கப்படும் துண்டுகள்), பிறகு கோப்புறைகளின் உள்ளமைப்பு, பிறகு ஒவ்வொரு கோப்புறையும் வேரிலிருந்து எட்டக்கூடியதா என்பது, பிறகு ஒவ்வொரு கோப்பையும் எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்னும் எண்ணிக்கை, கடைசியாக எந்தப் பிளாக்குகள் காலி என்னும் தொகுப்புக் கணக்கு. இந்த ஐந்திலும் உங்கள் தரவைக் காப்பாற்றுவது என்று ஒரு கட்டம் இல்லை. கணக்குப்பிள்ளை பேரேட்டைச் சரிக்கட்டுவது போலத்தான்; ஒத்துவராத வரியை அடித்துவிட்டால் பேரேடு ஒத்துவிடும்.

அதனால் இப்போதெல்லாம் உறைந்த கணினியின் வட்டை அதன் சொந்த இயங்குதளத்தில் மீண்டும் ஏற்றுவதே, அதாவது கோப்புகளை அணுகும்படி இணைப்பதே, இல்லை. யுஎஸ்பி லைவ் லினக்ஸ் ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்குகிறேன், அல்லது வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துகிறேன். இதில் பலர் கவனிக்காத ஓர் இடறல் உண்டு. படிக்க மட்டும் என்று சொல்லி ஏற்றினாலும் இஎக்ஸ்டி4 தன் ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவில்) முடிக்கப்படாமல் நிற்கும் எழுத்துகளை வட்டில் எழுதித்தான் ஏற்றும். உண்மையிலேயே எதையும் தொடாமல் பார்க்க வேண்டுமானால் ‘நோலோடு’ என்னும் தெரிவைச் சேர்க்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்னும் மற்றொரு வகைக் கோப்பு முறைமையில் அதற்கு ‘நோரெகவரி’ என்று பெயர். பல லைவ் லினக்ஸ்கள் செருகிய வட்டைத் தாமாகவே ஏற்றிவிடும் பழக்கமுள்ளவை. அந்த வசதியை முதலிலேயே அணைத்துவிட வேண்டும்.

4:17இல் நின்ற கணினியின் வட்டை இப்படிப் பார்த்தபோது கர்னல் பதிவில் நான் கண்ட வரிகள் ஏறத்தாழ இவ்வாறு இருந்தன: படிக்கும் கட்டளை ஒன்று தோல்வி, பிழைக் குறி ‘யுஎன்சி’, இணைப்பு மீளமைக்கப்பட்டது, செக்டார் (வட்டைப் பிரிக்கும் மிகச் சிறிய அலகு) 73216096இல் உள்ளீட்டுப் பிழை. இந்தப் பிழைக் குறியைப் படிக்கக் கற்றுக்கொள்வது மிகவும் பயனுள்ளது. யுஎன்சி என்றால் வட்டு அந்த இடத்தைப் படித்துப் பார்த்தது, தன் திருத்தக் குறியீட்டைக்கொண்டும் மீட்க முடியவில்லை என்று பொருள். பழுது காந்தப் பரப்பில். அதற்குப் பதிலாக ‘ஐசிஆர்சி’ என்று வந்திருந்தால் வட்டு சரியாகவே படித்திருக்கலாம், வழியில் கேபிளில்தான் தரவு கெட்டது. அப்படியானால் வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையின் 199ஆம் எண் ஏறிக்கொண்டே போகும். கேபிளை மாற்றினால் அது ஏறுவது நின்றுவிடும், ஆனால் பழைய எண்ணிக்கை குறையாது. கேபிள் கோளாறை வட்டுக் கோளாறு என்று எண்ணி நல்ல வட்டுகளைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்மார்ட் அட்டவணையில் நான் பார்க்கும் மற்ற எண்கள் மூன்று. 5ஆம் எண், மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்களைக் காட்டும். 197, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. 198, வட்டு தானே நடத்திய சோதனையில் படிக்க முடியாதவை. இந்த வட்டில் 197இல் 24 என்று இருந்தது. அதே அறிக்கையின் தலைப்பில், பொது உடல்நிலைத் தேர்வில் ‘தேர்ச்சி’ என்றும் பெருமையாக அச்சிட்டிருந்தது. அந்த ஒரு சொல்லை நம்பாதீர்கள். கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்ததில், செத்துப்போனவற்றில் பாதிக்கும் மேலானவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் எதையுமே காட்டியிருக்கவில்லை. அதே ஆய்வு சொன்ன இன்னொன்று: தன் பரப்பைத் தானே படித்துச் சோதிக்கையில் முதல் பிழை தென்பட்ட வட்டு, அடுத்த 60 நாட்களில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம். எண்கள் நன்றாக இருப்பது எதையும் உறுதி செய்வதில்லை. மோசமாக இருந்தால் மட்டும் உடனே நம்ப வேண்டும்.

ஒரே ஒரு கெட்ட செக்டார் ஒரு முழுக் கணினியை எப்படி நிறுத்துகிறது என்பதும் இங்கே விளங்கும். சாதாரண வன்தட்டு, படிக்க முடியாத இடத்தை விட்டுக்கொடுக்க மனமின்றிப் பல நொடிகள், சில வேளை ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப முயலும். லினக்ஸ் ஒரு கட்டளைக்கு 30 நொடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பையே மீளமைக்கும். மீளமைத்தபின் அதே செக்டாரை மீண்டும் கேட்கும். அந்த இடம் அடிக்கடி படிக்கப்படும் ஒரு கோப்புறையின் பிளாக்காக இருந்துவிட்டால், அதைக் கேட்கும் ஒவ்வொரு நிரலும் வரிசையில் போய் நிற்கும். பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு அமைப்புகளுக்கென விற்கப்படும் வட்டுகள் 7 நொடிகளில் கைவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும்படி அமைக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். எஸ்எஸ்டிகளில் இந்த இழுபறி குறைவு. அவை பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி ஒரேயடியாகக் காணாமல் போய்விடும்.

வட்டுக்கோ கோப்பு முறைமைக்கோ சம்பந்தமில்லாமலும் இதே தோற்றம் வரலாம். நினைவகம் போதாமல் ஸ்வாப்பில் (நினைவகத்துக்கு மாற்றாக வட்டில் ஒதுக்கிய இடத்தில்) தத்தளிக்கும் கணினியும் உறைந்தது போலவே இருக்கும், ஆனால் வட்டின் விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும். கெட்ட செக்டாரில் விளக்கு நீண்ட நேரம் ஒரே நிலையில் நின்று, இடையிடையே துடிக்கும். வட்டு நிறைந்துவிட்டாலும் நிரல்கள் விநோதமாக நடந்துகொள்ளும். காலி இடம் இருப்பதாகத் தெரிந்தும் எழுத முடியவில்லை என்றால் ஐநோடுகள் தீர்ந்திருக்கலாம்; டிஎஃப் கட்டளைக்கு ஐ தெரிவைக் கொடுத்தால் தெரிந்துவிடும். இவற்றுக்கெல்லாம் எஃப்எஸ்சிகே மருந்தாகாது.

நினைவகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வட்டின் ஸ்மார்ட் எண்களும் கேபிளும் சுத்தமாக இருந்து, கோப்பு முறைமையில் மட்டும் புதுப்புதுப் பிழைகள் முளைத்துக்கொண்டிருந்தால் நான் சந்தேகிப்பது நினைவகத்தைத்தான். ஒரு பிட் புரண்ட நிலையில் கோப்பு முறைமையின் அட்டவணை வட்டில் எழுதப்பட்டால், ஜர்னல் அந்தத் தவற்றையும் விசுவாசமாகப் பாதுகாக்கும். அத்தகைய கணினியில் எஃப்எஸ்சிகேயை இயக்குவது, கை நடுங்கும் மருத்துவரிடம் கத்தியைக் கொடுப்பது போன்றது. மெம்டெஸ்ட்86+ நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுவிட்டு மற்றதைப் பேசலாம்.

யுஎன்சி பிழையைப் பார்த்தவுடன் எனக்கு அடுத்த வேலை எதுவென்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. வட்டை நகலெடுக்க வேண்டும், அதுவும் டிடிரெஸ்க்யூவால். சாதாரண நகல் நிரல் முதல் கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளைத் தாண்டிப் போய், பிறகுதான் திரும்பி வந்து அவற்றின் ஓரங்களைச் சுரண்டும். எது முடிந்தது, எது மிச்சம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் நிறுத்தி வட்டைக் குளிரவிட்டுத் தொடரவும் முடியும். அந்த வரைபடக் கோப்பைக் கொடுக்க மறந்தால் அதன் பெருமை பாதியாகிவிடும். இறுதியில் 12 கிலோபைட் தவிர எல்லாம் வந்து சேர்ந்தது. அதாவது 512 பைட் செக்டார்களாக எண்ணினால் 24, இஎக்ஸ்டி4 பிளாக்குகளாக எண்ணினால் 3.

இனி எஃப்எஸ்சிகேயைத் தொடலாம், ஆனால் நகலின் மீது. அதுவும் முதலில் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்துத் தெரிவுடன்; அது எல்லாக் கேள்விகளுக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டு, எதையும் எழுதாமல், என்னென்ன செய்திருப்பேன் என்று மட்டும் பட்டியலிடும். அந்தப் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் நிம்மதி. ஆயிரக்கணக்கான வரிகள் ஓடினால் அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளை நோலோடு முறையில் ஏற்றி வெளியே எடுக்க வேண்டும். கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் எழுதப்பட்ட சூப்பர்பிளாக்கே கெட்டிருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. 4096 பைட் பிளாக் கொண்ட இஎக்ஸ்டி4 முறைமையில் முதல் மாற்றுப் பிரதி 32768ஆம் பிளாக்கில் இருக்கும், அதைச் சுட்டி எஃப்எஸ்சிகேயை இயக்கலாம். மாற்றுப் பிரதிகளின் பட்டியலைப் பெற, கோப்பு முறைமையை உருவாக்கும் கட்டளையையே ‘என்’ தெரிவுடன் இயக்கச் சொல்லிப் பல வழிகாட்டிகள் எழுதுகின்றன. அந்த ஓர் எழுத்து விடுபட்டால் கட்டளை உண்மையாகவே புதிய கோப்பு முறைமையை உருவாக்கிவிடும் என்பதால், மூலவட்டில் அதை நான் ஒருபோதும் தட்டச்சு செய்வதில்லை.

மற்ற கோப்பு முறைமைகளில் இதே பழக்கத்தோடு நுழைந்தால் ஏமாற்றம் காத்திருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் முறைமைக்கான எஃப்எஸ்சிகே எதையும் சோதிக்காமல் வெற்றி என்று சொல்லித் திரும்பிவிடும். உண்மையான கருவி எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர், அதில் ஜர்னலை அழிக்கும் எல் தெரிவு கடைசிப் புகலிடம். பிடிஆர்எஃப்எஸ் முறைமையின் பழுதுநீக்கும் தெரிவை, அறிந்தவர் சொன்னாலன்றி இயக்காதீர்கள் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

விண்டோஸிலும் கதை இதுதான், பெயர்கள் வேறு. நிகழ்வுப் பதிவின் ‘சிஸ்டம்’ பகுதியில் 7ஆம் எண் கெட்ட பிளாக்கையும், 153 மீண்டும் முயலப்பட்ட உள்ளீட்டையும், 55 விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் அமைப்பின் சிதைவையும் குறிக்கும். 55 மட்டும் தனியாக இருந்தால் கோப்பு முறைமையைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன்னால் 7 அல்லது 153 வரிசையாக நின்றால் வட்டுதான் குற்றவாளி, 55 வெறும் சாட்சி. எஃப்எஸ்சிகேக்கு இணையான விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை எந்தத் தெரிவும் இல்லாமல் இயக்கினால் அது படிக்க மட்டும் செய்யும், பயன்பாட்டில் உள்ள வட்டில் சில பொய்ப் பிழைகளையும் காட்டக்கூடும். எஃப் தெரிவு திருத்தும். ஆர் தெரிவு அதோடு நில்லாமல் வட்டின் ஒவ்வொரு செக்டாரையும் படித்துப் பார்க்கும். சாகும் வட்டுக்கு அதைவிடக் கொடிய தண்டனை கிடையாது, ஆனாலும் உறைந்த கணினிக்கு முதலுதவியாகப் பலரும் பரிந்துரைப்பது அதைத்தான். மறுதொடக்கத்தின்போது நடந்த சோதனையின் முடிவு, ‘அப்ளிகேஷன்’ பகுதியில் வின்இனிட் என்னும் பெயரில் 1001ஆம் எண்ணோடு பதிவாகியிருக்கும்.

என் கணினிக்குத் திரும்புகிறேன். நகலில் எஃப்எஸ்சிகேயைத் திருத்தவிடுவதற்கு முன், அந்த மூன்று பிளாக்குகள் யாருடையவை என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். கணக்கு எளிது: கர்னல் சொன்ன செக்டார் எண்ணிலிருந்து, வட்டில் அந்தக் கோப்பு முறைமைக்கென ஒதுக்கிய பகிர்வு (பார்ட்டிஷன்) தொடங்கும் செக்டாரைக் கழித்து, ஒரு பிளாக்குக்கு எட்டுச் செக்டார்கள் என்பதால் எட்டால் வகுக்க வேண்டும். 73216096இலிருந்து 2048ஐக் கழித்தால் 73214048. எட்டால் வகுத்தால் 9151756. கோப்பு முறைமையின் உள்ளமைப்பைப் பார்க்க உதவும் டீபக்எஃப்எஸ் கருவியில் ஐசெக் கட்டளைக்கு இந்தப் பிளாக் எண்ணைக் கொடுத்தால் அதை வைத்திருக்கும் ஐநோடு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை என்செக் கட்டளைக்குக் கொடுத்தால் கோப்பின் பாதையைச் சொல்லும். இரண்டு பிளாக்குகள் ஒரே காணொளிக் கோப்பைச் சேர்ந்தவை. மூன்றாவது ஒரு கோப்புறையே. அதற்குள் இருந்த படங்களின் பெயர்ப் பட்டியல் முழுவதும் அந்த ஒரு பிளாக்கில்தான் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாள் அதிகாலையிலும் காப்பு நகல் நிரல் அந்தக் கோப்புறையைத் திறக்கும். கடிகாரம் 4:17இல் நின்றதன் காரணம் விளங்கிவிட்டது.

பெயர்ப் பட்டியல் போய்விட்டால் படங்கள் அழியாது, அனாதையாகும். எஃப்எஸ்சிகே நான்காம் கட்டத்தில் அவற்றை லாஸ்ட்+ஃபவுண்டுக்குள் ஐநோடு எண்களையே பெயராக வைத்துக் கொண்டுவரும் என்று எதிர்பார்த்தேன். அப்படியே நடந்தது, 70 கோப்புகள். முதல் விபத்துக்குப் பிறகு, மாதம் ஒரு முறை எல்லாக் கோப்புகளின் பெயரையும் ஐநோடு எண்ணோடு பட்டியலிட்டு வேறோர் இடத்தில் சேமிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். அந்தப் பட்டியலோடு எண்களை ஒப்பிட்டு 66 கோப்புகளுக்கு அவற்றின் பழைய பெயரை மீட்டேன்; மீதி நான்கும் பட்டியல் எடுத்த பிறகு சேர்ந்த படங்கள், திறந்து பார்த்துப் பெயர் வைத்தேன். காணொளி மட்டும் ஓரிடத்தில் ஒரு கணம் பச்சைக் கட்டங்களாகச் சிதறி மீண்டும் ஓடுகிறது.